விரும்பிக் கேட்டவர்

செத்துப்போன ஒருத்தி நாள் தவறாமல் நடத்துகிற வானொலிக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு நேயர்தான் உண்டு, அந்த ஒருவர் தானேதான் என்று மூக்கர் மார்தட்டிக்கொள்வார். முடிதிருத்தும் கடையில் சொல்வார், பேருந்து நிறுத்தத்தில் சொல்வார், பல் பிடுங்கப் போன இடத்தில் வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டும் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. நம்பாததில் வியப்பும் இல்லை. இதே வாய்தான், அலைவரிசைக் கண்காணிப்புத் துறையில் வேலை பார்த்த காலத்தில், உரிமம் இல்லாத டிரான்ஸ்மிட்டரைத் தெருமுனையில் நின்று மோந்தே பிடிப்பேன் என்றது. தான் தும்மிய ஒரு தும்மலில் நாலைந்து திருட்டு நிலையங்கள் பயந்து தாமாகவே அணைந்துபோயின என்றும் சொன்னது.

மூக்கும் அதற்கேற்ற மூக்குதான். ஆள் தெருவுக்குள் திரும்புமுன் மூக்கு வந்து சேர்ந்து, நலம் விசாரித்து, நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடும்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் அந்த மூக்கு மச்சான் கடைக்குள் நுழைந்தது. பின்னாலேயே மூக்கர் நுழைந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பழைய டிரான்சிஸ்டர்.

மச்சான் என்பவர் மூக்கரின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். தொலைக்காட்சி, ஒலிபெருக்கி, காதில் செருகுகிற குமிழ், பாட்டுப் பெட்டி என்று சத்தம் போடுகிற எல்லாவற்றையும் விற்கிறவர். எதைச் சொன்னாலும் "ஆதாரம் எங்கே?" என்று கேட்பதால் ஊரில் அவருக்கு ஆதாரம் என்றே பெயர். வெயில் அடிக்கிறது என்றால்கூட வெளியே வந்து நிழல் விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்வார்.

"வாங்க மச்சான், வாங்க. என்ன, இன்னிக்கு உங்க ரேடியோ அம்மணி என்ன பாட்டு போட்டாங்க?"

மூக்கர் அவருடைய உதட்டையே பார்த்தார். உதட்டைத்தான் பார்க்க முடியும். ஆதாரத்தின் குரல் அவருக்குக் கேட்டு வெகுகாலம் ஆயிற்று. கடைக்கு வெளியே பேருந்து அலறியதும் கேட்கவில்லை, தகரக் கூரையில் மழை அடித்ததும் கேட்கவில்லை. வீட்டில் மனைவி கூப்பிடுவதும் கேட்பதில்லை. அந்த அம்மா அதைக் கண்டுபிடிக்கவும் இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்தே தான் கூப்பிட்டு அவர் திரும்பியதில்லை என்பதால், புதிதாக ஏதோ ஆகியிருக்கிறது என்று நினைக்க அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

அவருக்குக் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்.

அது இப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி ஒரு தையல்காரி. அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய அறையில், தையல் மிஷினுக்குப் பக்கத்தில் மைக்கை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துக்கு வானொலி நடத்தினாள். எந்தக் குழாயில் தண்ணீர் வரும், யார் வீட்டுப் பூனை காணோம், எந்த மாடியில் லிப்ட் மாட்டிக்கொண்டது, எல்லாம் சொல்வாள். பேச்சுக்கு நடுவே கடகடவென்று மிஷின் ஓடும். ஊரே அவளை ரேடியோ அக்கா என்றது. மாலையானால் நேயர் விருப்பம். உரிமம் இல்லாத நிலையம் என்பதால் யாருடைய பெயரையும் அவள் சொல்ல மாட்டாள். "அடுத்த பாடலை விரும்பிக் கேட்டவர், நாலாம் மாடி நர்சம்மா" என்பாள். "விரும்பிக் கேட்டவர், இஸ்திரிக்கார மாமா" என்பாள்.

ஒருநாள் அவள் மைக்கில் சொன்னாள்: "நம்ம தெருவுல ஒரு மூக்கர் சுத்துறாராம். சன்னலைச் சாத்திக்கங்க, மூக்கு உள்ள வந்துடப்போகுது."

அதுவரை அவருக்கு நாகரிகமான ஒரு பெயர் இருந்தது. மறுநாளிலிருந்து அலுவலக வாசல் காவலாளிகூட வணக்கம் வைத்துவிட்டு, மூக்கர் உள்ளே போகிறார் என்றான்.

சோதனைக்குப் போகிறவர்களிடம் எழுதாத ஒரு மரியாதை உண்டு. சீல் வைக்குமுன், பேசிக்கொண்டிருப்பவரை முடிப்பு வாசகம் சொல்ல விடுவார்கள். 'இத்துடன் எங்கள் ஒலிபரப்பு நிறைவடைகிறது' என்று ஒரு வரி. கேட்கிறவர்கள் பெட்டி கெட்டுப்போயிற்றோ என்று தட்டிக்கொண்டிருக்கக் கூடாதே என்பதற்காக. மூக்கர் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது அவள், "அடுத்து விரும்பிக் கேட்டவர்..." என்று ஆரம்பித்திருந்தாள். அவரைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சார், ஒரே ஒரு நிமிஷம். இதைச் சொல்லி முடிச்சுக்கிறேன்."

"யார்கிட்டம்மா சொல்லப்போற? சன்னலைத்தான் எல்லாரும் சாத்திக்கிட்டாங்களே," என்று சிரித்துக்கொண்டே கம்பியைப் பிடுங்கினார் மூக்கர்.

அவள் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. அதன் பிறகு அவளுக்குப் பேச்சே வரவில்லை. வைத்தியம் பார்த்தவர்கள் தொண்டையில் கோளாறு ஒன்றும் இல்லை என்றார்கள். பாதி வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டே படுத்தாள்; அப்படியே போய்ச் சேர்ந்தாள். இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் மூக்கர் தொடையைத் தட்டிச் சிரிப்பார். "ஒரு பொம்பளையைப் பேசாம ஆக்கினவன் இந்த உலகத்துல நான் ஒருத்தன்தான்யா!"

பறிமுதல் செய்த டிரான்ஸ்மிட்டர் துறையின் கிடங்குக்குப் போயிற்று. கம்பி அறுத்தது, சீல் வைத்தது, மின்சாரம் இல்லாதது. கிடங்குக்காரர் சில நாளிலேயே யார் பேசினாலும் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டார். காது போய்விட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒரு மாலையில் மூக்கர் ஏதோ பெட்டி எடுக்கக் கிடங்குக்குள் போனார். தூசியும் துருவும் மணக்க வேண்டிய இடத்தில் தையல் மிஷின் எண்ணெய் மணந்தது.

கிடங்குக்காரர் டிரான்ஸ்மிட்டருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

வாய் திறந்திருந்தது.

உடம்பு சில்லிட்டிருந்தது.

அந்தத் திறந்த வாய்க்குள்ளிருந்து, கரகரவென்ற இரைச்சலோடு, ஒரு பாட்டு வந்துகொண்டிருந்தது.

பாட்டு முடிந்தது. பிணத்தின் வாய் அசையவில்லை. உள்ளேயிருந்து பெண் குரல் வந்தது. "டெஸ்ட்... டெஸ்ட்... கேக்குதா?"

வேறு எந்த மனிதனாக இருந்தாலும் அலறிக்கொண்டு ஓடியிருப்பான். மூக்கர் ஆயுள் முழுக்க மைக்குக்கும் ஏரியலுக்கும் நடுவே வாழ்ந்தவர். அந்தக் கேள்வி காதில் விழுந்தால் பதில் வாயில் தானாக வந்து நிற்கும். அது அந்தத் தொழிலின் பழக்கதோஷம்.

"கேக்குது," என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு அது மட்டும்தான் கேட்கிறது.

மாலையானால் நேயர் விருப்பம். பாட்டுகள் போகும், மிஷின் ஓடும். கடைசியில், "அடுத்து விரும்பிக் கேட்டவர்..." என்று நிறுத்துவாள். ஆரம்பத்தில் அதற்கு மேல் ஒன்றும் வராது. பிறகு ஒரு மாலை, "மூ" என்றாள். நெடுநாள் 'மூ'விலேயே நின்றாள். பிறகு "மூக்" வந்தது. கிடங்குக்காரரின் பட்டப்பெயரையும் இப்படித்தான் எழுத்தெழுத்தாகச் சொல்லியிருப்பாள், கடைசி எழுத்து விழுந்ததும் அவர் போயிருப்பார் என்பதை மூக்கருக்கு யாரும் எழுதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

அவளே சொன்னாள், கொஞ்சலாக. "நம்ம நிலையத்துக்கு ஒரு நேயர் போதும். புது நேயர் வந்து பதில் சொன்னா, பழைய நேயரை விட்டுடுவோம்."

மூக்கர் ஊரெல்லாம் பெருமை அடித்ததன் ரகசியம் இதுதான். யாராவது ஒரு முட்டாள், எங்கே காட்டு பார்க்கலாம் என்று காதைக் கொடுப்பான் என்று நம்பினார். எல்லாரும் சிரித்துவிட்டுப் போனார்கள். சிரித்தவன் தப்பித்தான். உட்கார்ந்து பொய் என்று நிரூபிக்கிற அளவுக்குப் பிடிவாதக்காரர் ஒருவர்தான் இருந்தார். அவரோ மனைவியின் அண்ணன், அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அதனால் மூக்கர் தயங்கினார்.

நேற்று மாலை அவள் "மூக்க" என்றாள்.

மிச்சம் ஒரே ஓர் எழுத்து. அதற்கு மேல் தயங்க முடியாது.

"இந்தாங்க மச்சான், ஆதாரம்," என்று டிரான்சிஸ்டரைக் கண்ணாடி மேசையில் வைத்தார் மூக்கர். "அவ பேசுறது இதுல வரும். நீங்க உக்காந்து கேளுங்க. வரலைன்னா இனிமே இந்த ஊர்ல நான் வாயே திறக்கலை."

"சத்தியமா?"

"சத்தியமா."

"இது ஒண்ணு போதுமே! எங்க தங்கச்சி நிம்மதியா இருப்பா." ஆதாரம் கையைத் தேய்த்துக்கொண்டு பெட்டியைப் புரட்டினார். பின்மூடியைக் கழற்றினார். நிமிர்ந்தார். "யோவ் மச்சான், இதுல பேட்டரியே இல்லையே!"

"அதுதானே விசேஷம். பேட்டரி போட்டா ஊர்ல இருக்கிற நிலையமெல்லாம் வருமே."

ஆதாரம் விழுந்து விழுந்து சிரித்தார். மூக்கர் அந்தச் சிரிப்பைக் கண்ணால் பார்த்தார்; வயிறு குலுங்கியது, சத்தம் இல்லை. சிரிப்பு முடியுமுன் கடையில் விளக்கு அணைந்தது. சுவர் நிறைய ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சிகள் ஒரே நேரத்தில் கறுத்தன.

"மழை வந்தா போதும், கரண்டைப் புடுங்கிடுவானுங்க," என்று ஆதாரத்தின் உதடு முணுமுணுத்தது.

மூக்கின் நுனியில் முதலில் வந்தது வாசனை.

மிஷின் எண்ணெய். பிறகு, இஸ்திரிச் சூட்டில் கருகுகிற துணி.

ஆதாரமும் மோந்து பார்த்தார். "எங்கயோ ஒயர் எரியுது," என்றார்.

டிரான்சிஸ்டர் கடகடத்தது. மிஷின் ஓடுகிற சத்தம். ஆதாரத்தின் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. அவர் பெட்டியைத் தூக்கிக் குலுக்கினார், கீழே கவிழ்த்தார், மேசைக்கு அடியில் குனிந்து மூக்கரின் கால்சட்டைப் பையைத் தடவினார்.

"போனை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"தேடுங்க மச்சான், தேடுங்க," என்று காலை அகட்டிக் காட்டினார் மூக்கர். அவருக்கு உள்ளங்காலில் இருந்து குளிர் ஏறிக்கொண்டிருந்தது. அதே சமயம், வெட்கம் இல்லாமல், சிரிப்பும் வந்தது.

கடகடப்பு பெட்டியை விட்டு நகர்ந்தது. அலமாரியில் இருந்த பெரிய ஒலிபெருக்கிக்குப் போனது. பிளக் மாட்டாத ஒலிபெருக்கி. அடுத்ததற்குத் தாவியது. அட்டைப்பெட்டி பிரிக்காத புதுச்சரக்குக்குள் போனது, அட்டை அதிர்ந்தது. காதுக் குமிழ்கள் அடுக்கிய கண்ணாடிப் பேழைக்குள் கொசுக்கூட்டம் போல எழுந்தது.

"கண்டென்சர்ல சார்ஜ் மிச்சம் இருக்கும்," என்றார் ஆதாரம். உதடு லேசாகக் கோணியது. "இல்ல, டாக்சிக்காரனுங்க வயர்லெஸ்ஸை ஸ்பீக்கர் இழுத்திருக்கும். ரெண்டுல ஒண்ணு."

கடகடப்பு நின்றது.

கடை முழுக்க, எல்லா ஒலிபெருக்கியின் வாயும் ஒன்றாக, மெல்லிய பெண் குரலில் கேட்டது.

"டெஸ்ட்... டெஸ்ட்... கேக்குதா?"

மூக்கர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஆதாரத்தின் உதட்டையே பார்த்தார். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை.

ஆதாரம் இறுக வாயை மூடிக்கொண்டிருந்தார். மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. கேட்டது என்று ஒத்துக்கொண்டால் பந்தயம் தோற்றுப்போகுமே. வாயை மட்டும் திறக்கவில்லை.

"கேக்குதா?"

கண்ணாடிப் பேழை அதிர்ந்தது.

"அண்ணே... கேக்குதா?"

அந்தக் கடைசிக் கேள்வி தங்கச்சியின் குரலில், அதுவும் பாவாடை கட்டிய வயதில் அவளுக்கிருந்த மழலைக் குரலில் வந்தது. ஆதாரம் மேசையில் ஓங்கி அறைந்தார்.

"கேக்கல!" என்று கத்தினார். "எனக்கு ஒரு மண்ணும் கேக்கல!"

ஒரு நொடி எங்கும் அமைதி.

பிறகு மூக்கரின் காதில் மழை கொட்டியது.

தகரக் கூரையில் கல்லைக் கொட்டுகிற மாதிரி மழை! பேருந்து அலறியது. எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. யாரோ யாரையோ திட்டினார்கள். அத்தனை திட்டும் தேனாகப் பாய்ந்தது. மூக்கர் மேசையைத் தட்டி, குதித்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"யோவ் ஆதாரம்! கேக்காதவனுக்கு, 'கேக்குதா'ன்னு அவ கேட்டது எப்படிய்யா கேட்டுச்சு? பதில் சொல்லிட்டீங்களே மச்சான்! இல்லைன்னு சொன்னாலும் பதில் பதில்தானே!"

ஆதாரம் அவரைப் பார்த்தார். காதைத் தட்டிக்கொண்டார். மறு காதையும் தட்டிக்கொண்டார். அவருடைய பார்வை மூக்கரின் உதட்டுக்கு இறங்கி, அங்கேயே ஒட்டிக்கொண்டது. மூக்கருக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்த்த பார்வை.

"பயப்படாதீங்க," என்று அவர் தோளைத் தட்டினார் மூக்கர், உதட்டை நன்றாக அசைத்து. "எழுத்து எழுத்தாத்தான் வரும். நாள் ஆகும். அதுக்குள்ள நீங்களும் யாரையாவது புடிங்க. வாடிக்கையாளர் இல்லாத கடையா இது?"

அப்போது முதுகுக்குப் பின்னால் மனைவியின் குரல் கேட்டது. எத்தனை காலத்துக்குப் பிறகு! அலுப்பும் அதட்டலுமாக, அச்சு அசல் அவள் குரல்.

"என்னங்க, இங்க வந்து என்ன கூத்து? அந்த ரேடியோ அக்கா சத்தம் இன்னும் உங்களுக்குக் கேக்குதா?"

மூக்கர் திரும்பக்கூட இல்லை. மகிழ்ச்சியில் கையை விரித்தார்.

"இல்லடி! இப்ப கேக்கவே இல்ல!"

மழை நின்றது.

கூரையில் அது கொட்டிக்கொண்டுதான் இருந்தது. தாரை தாரையாக வாசலில் விழுவது கண்ணுக்குத் தெரிந்தது. காதில்தான் நின்றுபோயிருந்தது.

மூக்கின் நுனிக்கு மிஷின் எண்ணெய் வந்தது.

எதிரே கறுத்துக் கிடந்த தொலைக்காட்சியின் கண்ணாடியில் கடை வாசல் தெரிந்தது. அவர் மனைவி அப்போதுதான் தெருவைக் கடந்து வந்து, குடையை மடக்கி, தண்ணீரை உதறிக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது. அவள் இன்னும் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

கடகடவென்று மிஷின் ஓடியது. இப்போது கடைக்குள் இல்லை. பழையபடி மூக்கரின் தலைக்குள்.

"நேயர்களே," என்றாள் அவள். குரலில் சிரிப்பு. "இன்னிக்கு நம்ம நிலையத்துக்கு ரொம்ப நல்ல நாள். அடுத்து விரும்பிக் கேட்டவர்கள்..."

கேட்டவர்கள்.

மூக்கர் ஆதாரத்தைப் பார்த்தார். ஆதாரமும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதே வார்த்தை இரண்டு பேர் காதிலும் ஒரே நேரத்தில் விழுந்தது என்பது இரண்டு முகத்திலும் எழுதியிருந்தது.

"அம்மா, ஒரே ஒரு நிமிஷம்," என்றார் மூக்கர். கையெடுத்துக் கும்பிட்டார். "ஒரே ஒரு நிமிஷம் தாயே, நான் சொல்லி முடிச்சுக்..."

"மூக்கர்," என்றாள் அவள்.

அவர் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

தொண்டைக்குள் ஏதோ கரகரத்தது. உள்ளேயிருந்து ஒரு பாட்டு மேலே ஏறி வந்தது, நாக்கைத் தொடாமல், உதட்டை அசைக்காமல். மூக்கருக்கு அது கேட்கவில்லை. இனி எதுவும் கேட்கவில்லை. கண்ணில் மட்டும் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

அந்த வெளிச்சத்தில் குடை கீழே விழுவது தெரிந்தது. மனைவி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொள்வது தெரிந்தது. ஆதாரம் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, மச்சானின் திறந்த வாயருகே காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்வதும் தெரிந்தது.

ஆயுள் முழுக்க எதையும் ஒத்துக்கொள்ளாத அந்த உதடு மெல்ல அசைந்தது. உதட்டைப் படிப்பதில் மூக்கர் தேர்ந்தவர். கடைசியாக அவர் படித்தது அதைத்தான்.

"கேக்குது, மச்சான்."